மந்திரவாதி மாண்டான், மந்திரம் மாளவில்லை!

ஓசூர்த் தொழிற்பேட்டையிலே இரண்டாம் முறை முடிகிறது. தொழிலாளரை ஏற்றிவந்த பேருந்து, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், பாகலூர் சாலைத் திருப்பத்தில் நிற்கிறது. இளைஞர் மூவர் இறங்குகின்றனர். ஒருவன் தருமபுரிப் பக்கத்தவன், தமிழ் பேசுவோன். மற்றவன் குப்பத்தான், தெலுங்கு அவன் தாய்மொழி. மூன்றாமவன் ஆனேக்கல்லிலிருந்து வந்தவன். கன்னடம் அவன் வீட்டு மொழி. மூவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே கைப்பேசியிலே படம். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பழுது என்று ஒதுக்கப்படும் இரும்புத் துண்டுகளைக் கடைந்தெடுத்த கைகள் அவை. அளவு தெரிந்த கைகள்! காரணம் தெரிந்த கைகள்!

படம் தொடங்குகிறது. அட்டையிலே செய்த குகை. ஜிகினாத்தாள் ஒட்டிய மணிமுடி. குகைக்குள்ளே சடைமுடி தாங்கிய மந்திரவாதி. அவன் கையிலே மண்டையோடு, எதிரிலே எலுமிச்சம்பழம். ஏதோ முணுமுணுக்கிறான், எலுமிச்சம்பழம் எழும்பிப் பறக்கிறது! வாளேந்தி வந்த வீரன் நின்ற இடத்திலேயே கல்லாய்ச் சமைகிறான்! மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். சிரித்துக் களைத்து உறங்குகின்றனர். பொழுது விடிகிறது. அந்த அறையின் வாயில்நிலையை அண்ணாந்து பார்க்கிறோம். அங்கே ஒரு கயிறு தொங்குகிறது. கயிற்றிலே எலுமிச்சம்பழம், அதனோடு பச்சை மிளகாய்!

திரையிலே பறந்த எலுமிச்சம்பழத்தைக் கண்டு சிரித்தவர்கள், வாயிலிலே தொங்கும் எலுமிச்சம்பழத்தைக் கண்டு ஏன் சிரிக்கவில்லை? இதுவே நம் கேள்வி. எளிய கேள்விதான். ஆனால், அதற்கு விடை காணப் புகுந்தால், வாளும் மந்திரமும் கலந்த அந்த மலிவுப் படங்களின் வரலாறு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

'மாயாஜாலப் படங்களா? அவற்றுக்குமா விமர்சனம்? குழந்தைகளும் பாமரரும் பார்ப்பது. பார்த்துவிட்டு மறப்பது' என்பர் கற்றறிந்தோர் சிலர். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் கூற்றை ஏற்பதற்கில்லை. பாமரர் பார்ப்பது என்பதாலேயே அது நம் கவனத்துக்குரியது. பண்டிதர் நூறு பேர் படித்த நூலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுவோம். இலட்சக்கணக்கானோர் பார்த்த படத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத நாணுவோம் என்றால், அது அறிவுடைமையாகாது.

இப்படங்களின் பிறப்பைப் பார்ப்போம். திரையிலே மாயம் காட்டிய முதல்வர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு ஜார்ஜ் மெலியே. அவர் தொழிலாலேயே செப்படி வித்தைக்காரர். 1896-ஆம் ஆண்டு பாரிசு நகர வீதியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கருவி சற்றே சிக்கி நின்றதாம், மீண்டும் ஓடியது. பின்னர்ப் படத்தைப் போட்டுப் பார்த்தால், வீதியிலே சென்ற வண்டி நொடியிலே பிணவண்டியாக மாறியிருந்தது! அவரே சொன்ன கதை இது. மந்திரமா அது? இல்லை, கருவியின் கோளாறு. அந்தக் கோளாற்றையே அவர் கலையாக்கினார். கருவியை நிறுத்து, பொருளை மாற்று, மீண்டும் ஓட்டு. மனிதன் ஆடாவான், ஆடு அரசியாவாள்! 1902-இல் நிலவுக்கே மனிதரை அனுப்பிக் காட்டினார், அட்டையும் சாயமும் கொண்டு.

அந்த வித்தை நம் நாட்டுக்கு வந்தது; வந்த இடத்திலே வாளைக் கையிலெடுத்தது. 1951-இல் கே.வி.ரெட்டி இயக்கத்தில், தெலுங்கிலும் தமிழிலுமாக வெளிவந்த 'பாதாள பைரவி' இவ்வகைக்கு அச்சாக அமைந்தது. அது மலிவுப் படமன்று. பெரும்பொருள் செலவிட்டு எடுத்த படம். ஆனால், பின்னர் வந்த மலிவுப் படங்கள் பலவும் அந்த அச்சிலே வார்த்தவையே: வீரமுள்ள ஏழை இளைஞன், எட்டாத இளவரசி, சடைமுடி மந்திரவாதி, குகை, பலிபீடம், சிலை, சாபம்.

அந்த அச்சை எடுத்துச் சிக்கனமாய் வார்த்துத் தள்ளியவர் பி.விட்டலாச்சார்யா. உடுப்பிக்கு அருகே உத்தியாவரத்தில் 1920-இல் பிறந்த கன்னடியர். அரசிக்கெரெயில் உணவு விடுதி நடத்தினார். பிறகு ஊர் ஊராகச் செல்லும் கூடாரக் கொட்டகை நடத்தினார். படம் பார்க்க வருபவன் எதற்குச் சிரிப்பான், எதற்கு அஞ்சுவான், எப்போது எழுந்து போவான் என்பதைக் கொட்டகை வாயிலிலேயே நின்று கற்றவர். மைசூரில் படத்தொழிலில் நுழைந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்து தெலுங்குப் படங்கள் எடுத்தார். 'வாள் வீரன்' என்றே பெயரெடுத்த காந்தாராவை நாயகனாக்கி அடுத்தடுத்துப் படங்கள் எடுத்தார், என்.டி.ராமராவையும் வைத்து எடுத்தார். 1999-இல் மறைந்தார். தெலுங்கு மக்கள் அவருக்கு அளித்த பட்டம் 'ஜானபத பிரம்மா'; நாட்டுப்புறக் கதைகளைப் படைப்பவர் என்று பொருள்.

'ஜகன்மோகினி' என்ற பெயரின் பயணத்தைப் பாருங்கள்! 1951-இல் அப்பெயரில் கன்னடத்தில் ஒரு படம். 1978-இல் அதே பெயரில் விட்டலாச்சார்யா தெலுங்கில் ஒரு படம் எடுக்கிறார். அது தமிழிலே மொழிமாற்றம் பெற்று, நம் ஊர்க் கொட்டகைகளிலே கூட்டத்தை அள்ளுகிறது. 2009-இல் தமிழிலேயே மறுபடியும் எடுக்கப்படுகிறது. மக்கள் மூன்று மொழி பேசும் ஓசூர் எல்லையிலே ஆற்று நீருக்கும் பெயர்ப்பலகைக்கும் சண்டை எழுவதுண்டு. மோகினிக்கு மட்டும் எல்லையுமில்லை, சண்டையுமில்லை! அத்திப்பள்ளியைக் கடக்கிறவர்களுக்குச் சோதனை உண்டு. மடமைக்குச் சோதனை இல்லை.

இப்போது இந்தப் படங்களின் மீது வழக்கமாகச் சாட்டப்படும் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். 'மலிவு! மட்டம்! அட்டைக் குகை தெரிகிறது. பறக்கும் வீரனைத் தூக்கும் கம்பி தெரிகிறது. ஒரே அரண்மனை பத்துப் படங்களில் வருகிறது' என்கின்றனர்.

நாம் மாறாகச் சொல்கிறோம். மலிவு குற்றமன்று. மலிவே இப்படங்களின் மானம் காக்கும் ஒரே நற்பண்பு! தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மரக்கட்டையிலே செய்த புயக்கட்டையும், அரிதாரம் பூசிய முகமும், ஒரு வேட்டித் திரையும் போதும். அங்கே துரியோதனன் வந்து நிற்பான். ஏழைக் கலை ஏழ்மையோடு இருப்பது இழுக்காகாது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. கம்பி தெரிகிறதே, அந்தக் கம்பிதான் ஆசிரியன்! 'பறப்பதெல்லாம் கம்பியினால்தான்' என்று பத்து வயதுச் சிறுவனுக்குக் கற்பித்தது எந்தப் பள்ளி? வெட்டிய தலை பேசும்போது, உடலின் மீது கறுப்புத் துணி போர்த்தியிருப்பது இலேசாகத் தெரிகிறதே, அது எத்தனை பெரிய பாடம்! பொய்யின் தையல் வெளியே தெரிந்தால், பார்ப்பவன் தையற்காரனைத் தேடத் தொடங்குவான்.

அயல்நாட்டிலும் இத்தகைய மலிவுப் படங்கள் மலிந்திருந்தன. அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் ஹோவர்டு 1932-இல் கோனன் என்னும் முரட்டு வீரனைப் படைத்தார். இத்தகைய கதைகளுக்கு 'வாளும் சூனியமும்' என்று 1961-இல் பெயர் சூட்டியவர் பிரிட்ஸ் லைபர். 1982-இல் கோனன் பெரும்படமாக வந்தான். உடனே சிக்கனப் படங்களும் பின்தொடர்ந்தன. படச் செலவைச் சுருக்குவதில் பெயர்பெற்ற ரோஜர் கார்மன் 'டெத்ஸ்டாக்கர்' போன்ற படங்களை அர்ஜென்டினாவிலே எடுக்க ஏற்பாடு செய்தார். அங்கே கூலி குறைவு, செலவு குறைவு. எந்த நாட்டு மந்திரவாதியும் குறைந்த கூலி கிடைக்கும் இடத்திலேதான் குகை கட்டுகிறான் போலும்!

கூலி என்றதும் நினைவுக்கு வருகிறது. விட்டலாச்சார்யாவைப் பற்றித் திரையுலகில் ஒரு கதை வழங்குகிறது. நடிகர் எவரேனும் நாள் தவறினாலோ, பணத்தின் பொருட்டு முரண்டு பிடித்தாலோ, அவர் கலங்கமாட்டாராம். 'முனிவர் சாபத்தால் நீ கிளியாகக் கடவாய்' என்று கதையைத் திருப்பி, மிச்சப் படத்தைக் கிளியை வைத்தே எடுத்து முடிப்பாராம்! உண்மையோ, வேடிக்கைக்காகக் கட்டியதோ, நகைச்சுவை மிக்க கதை. ஆனால், ஓசூரிலே ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன் இதைக் கேட்டு முழுமனதோடு சிரிப்பானா? 'நிரந்தரம்' என்று வாய் திறந்தவன் நாளை வாயிலுக்கு வெளியே நிற்கிறான். கேட்டவனைக் கிளியாக்கிக் கதையை நடத்தும் வித்தை, படமெடுப்போருக்கு மட்டும் தெரிந்த வித்தையன்று.

ஆகவே, மலிவை மன்னித்தோம். மன்னித்ததோடு பாராட்டியும் விட்டோம். பின் எது குற்றம்?

பாதாள பைரவியின் கதையை நினைவுகூர்வோம். அரண்மனைத் தோட்டக்காரியின் மகன் இளவரசியைக் காதலிக்கிறான். 'எனக்கு ஈடான செல்வத்தோடு வா' என்கிறான் அரசன். அதே வேளையில் நேபாள மந்திரவாதி ஒருவன் தேவியின் சிலையை அடைய விரும்புகிறான். கேட்டதைக் கொடுக்கும் சிலை அது. அதற்கு விலை, வீரமுள்ள இளைஞன் ஒருவனுடைய தலை! எஸ்.வி.ரங்காராவ் அந்த மந்திரவாதியாக வந்து, பார்த்தவர் உள்ளத்தை விட்டு அகலாத நடிப்பைத் தந்தார். தோட்டக்காரி மகனை ஏமாற்றி அழைத்துச் செல்கிறான் மந்திரவாதி. உண்மை இளைஞனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு என்ன செய்கிறான்? பலிபீடத்தை உடைத்தானா? சிலையைத் தூக்கி எறிந்தானா? இல்லை. மந்திரவாதியையே பலியிட்டுச் சிலையைத் தான் எடுத்துக்கொள்கிறான்! சிலை அவனுக்கு மாளிகை தருகிறது, செல்வம் தருகிறது. அரசன் முகம் மலர்கிறான்.

பார்த்தீர்களா, தோழர்களே! மந்திரவாதி தீயவன், ஆனால் மந்திரம் மெய். பலியிட நினைத்தவன் கொடியவன்; ஆனால் பலி கொடுத்தால் பலன் கிட்டும் என்பது மெய். இதுதான் குற்றம். அட்டைக் குகையன்று, கம்பியன்று. கதையின் கருவிலேயே இருக்கிறது குற்றம். மந்திரவாதி தன் மந்திரத்தினால் ஏமாந்தான் என்றோ, அது வெறும் புரட்டு என்றோ இந்த வகைப் படங்களிலே எவரும் சொல்வதில்லை. கெட்டவன் கையிலிருந்த மந்திரம் நல்லவன் கைக்கு மாறுகிறது, அவ்வளவே. ஆட்சி மாறுகிறது, அடிமைத்தனம் மாறவில்லை. 'என் மகளை மணக்க எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய்?' என்ற அரசனின் ஆணவக் கேள்வியையும் எவரும் எதிர்க்கவில்லை. ஏழை அதற்கு விடையாகப் பணத்தையே கொண்டுவந்து கொட்டுகிறான். ஏழையின் காதல் வென்றது என்று கைதட்டுகிறோம். வென்றது காதலன்று, சிலை!

இது திரையோடு நிற்கும் செய்தியென்றால், இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். 2022-ஆம் ஆண்டு, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கெலமங்கலம் பக்கத்திலே விவசாயி ஒருவர் கொலையுண்டு கிடந்தார். புதையல் கிடைக்கும் என்று நம்பி நரபலியாகச் செய்த கொலை என்பது காவல்துறை விசாரணையில் தெரிந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. உலகத் தரத்துக்கு மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் செய்து அனுப்பும் ஓசூருக்கு அருகே, பேருந்தில் சென்றடையும் தொலைவிலே, மனிதத் தலைக்குப் புதையல் கிட்டும் என்ற நம்பிக்கை உயிரோடு உலவுகிறது. வெட்கம்! வேதனை!

படத்தைப் பார்த்துத்தான் கொன்றான் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பகுத்தறிவாகாது. ஆதாரமின்றிப் பழி சுமத்துவதும் ஒருவகை மந்திரவாதமே. புதையல் ஆசையும் பலி நம்பிக்கையும் திரைப்படத்துக்கு நூற்றாண்டுகள் மூத்தவை. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி மலைக்கோட்டைகள் நிறைந்த மண். கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டையும் கண்ணெதிரே நிற்கின்றன. கோட்டை இருந்தால் அதனடியில் பொன் இருக்கும் என்று கதை பிறப்பது இயல்பு. படம் அந்தக் கதையைப் பெறவில்லை. ஆனால் பாலூட்டி வளர்த்தது. எதிர்த்துச் சொல்ல வாய்ப்பிருந்தும் வாய்மூடி இருந்தது. குற்றம் அவ்வளவுதான், அதுவே போதுமான அளவு பெரிது.

பெண்ணின் நிலை என்ன என்று பார்ப்போம். இப்படங்களிலே அடிக்கடி வரும் மோகினி யார்? பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண். உயிரோடிருந்தபோது நீதி கேட்க அவளுக்கு மன்றமில்லை; செத்துப் பேயான பின்புதான் வாய் திறக்கிறாள். அப்போதும் வெற்றி அவளுக்கில்லை. நாயகனுடைய மனைவியின் பக்தியும், தெய்வத்தின் அருளும் சேர்ந்து அவளை அடக்குகின்றன. ஏமாற்றியவனைப் பற்றிய கேள்வி எங்கோ மறைந்துபோகிறது. ஏமாந்தவள் அரக்கி, பொறுத்துக்கொண்டவள் பத்தினி! பேய்ப்பெண் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் காட்சி, விட்டலாச்சார்யா பட இரசிகர்கள் இன்றும் பேசும் காட்சி. கொட்டகை சிரித்தது, அலறியது. நாமோ அதைக் கண்டு வேறொன்றை நினைத்தோம். தன் காலையும் கையையும் எரித்து ஊருக்குச் சமைத்துப் போடும் பெண், பேயா? நம் வீட்டுச் சமையலறையிலே அன்றாடம் நிற்பவளல்லவா?

இனி மறுபக்கம் வருவோம். வாள் இருந்தால் மந்திரமும் இருந்தே தீரவேண்டுமா? இல்லை என்று காட்டிய படங்களும் தமிழிலே உண்டு. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'. அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தின் பகுதிகளே. ஆகவே அது நம் மாவட்டத்துப் படம் என்று உரிமை கொண்டாடலாம். குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கலைஞர் கருணாநிதி உரையாடல் எழுதினார். அங்கே குகையில் சூனியக்காரன் இல்லை. அரசவையிலே ராஜகுரு இருக்கிறான். மந்திரம் ஓதுபவன் காட்டிலே இல்லை, அதிகாரத்தின் அருகிலேயே அமர்ந்திருக்கிறான் என்று காட்டியதுதான் அப்படத்தின் புதுமை. கொள்ளைக்காரக் கணவன் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல அழைத்து வந்தான் என்று அறிந்ததும், அமைச்சர் மகள் என்ன செய்கிறாள்? தெய்வத்தை அழைக்கவில்லை; பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கவுமில்லை. வலம் வருவதாகச் சொல்லி, தன் கையாலேயே அவனைத் தள்ளுகிறாள். மோகினி செத்த பிறகு செய்ய முயன்றதை, இவள் உயிரோடிருக்கும்போதே செய்து முடித்தாள்!

அடுத்த ஆண்டு, 1951-இல், கே.ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி' வந்தது. அதிலே ஆவி உலவுகிறது, அரண்மனை நடுங்குகிறது. ஆனால் இறுதியிலே தெரிகிறது, ஆவியாக அச்சுறுத்தியவர் மாண்டுபோனதாகக் கருதப்பட்ட மன்னரே என்று! பேயின் முகமூடியைக் கழற்றி மனிதனைக் காட்டிய படம். அதற்குத் தணிக்கையாளர் அளித்த பரிசு என்ன தெரியுமா? ஆவிக் காட்சிகள் இருக்கின்றன என்று, வயது வந்தோர் மட்டுமே பார்க்கத்தக்கது என்னும் 'ஏ' முத்திரை. தமிழ்ப் படங்களிலேயே முதன்முதலாக அந்த முத்திரை பெற்றது அதுதான். பேய் பொய் என்று முடிக்கும் படத்தைச் சிறுவர் பார்க்கலாகாது. சிலை வரம் தரும், பாம்பு பால் குடித்து நன்றி காட்டும் என்னும் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கலாம். நல்ல நீதி!

1958-இல் எம்.ஜி.ஆர். எடுத்து இயக்கிய 'நாடோடி மன்ன'னிலே, நாடோடி ஒருவன் மன்னனுடைய இடத்தில் அமர நேர்கிறது. அமர்ந்தவன் மாளிகை கேட்கவில்லை. மக்களுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். தோட்டக்காரி மகன் சிலையிடம் கேட்டதையும், நாடோடி அரியணையிலே இருந்து செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வாள் படங்களே. ஒன்று வரம் கேட்கக் கற்பித்தது. மற்றொன்று உரிமை கேட்கக் கற்பித்தது.

ஆனால், நம் தரப்பு என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்வதா? கூடாது. பிறர் முதுகைக் காண்பவன் தன் முதுகையும் தடவிப் பார்க்கவேண்டும். மந்திரத்தை விரட்டிய இந்த வாள் படங்கள் மந்திரவாதியின் இடத்தை வெறுமையாக விட்டனவா? இல்லை. அங்கே நாயகனை அமர்த்தினோம். 'அவன் வருவான், வாளை உருவுவான், நம்மை மீட்பான்' என்று காத்திருக்கக் கற்றோம். காத்திருந்த கூட்டம் பின்னர் நாயகனின் படத்துக்குப் பால் ஊற்றியது, சூடம் ஏற்றியது, கோயிலும் கட்டியது! பாதாள பைரவியின் சிலையை உடைக்கப் புறப்பட்டவர்கள், திரைநடிகரின் சிலைக்கு மாலை சூட்டித் திரும்பினோமே, இதைச் சொல்லாமல் மறைத்தால் நம் திறனாய்வு நேர்மையற்றதாகிவிடும்.

இதை எண்ணித்தான் போலும், தந்தை பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த ஐந்து நோய்களில் ஒன்று என்றார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே பிறந்த ராஜாஜிக்கும் சினிமா ஆகாது. எதிலும் ஒத்துப்போகாத இருவரும் ஒத்துப்போன செய்தி இது ஒன்றோ என்று வியக்கிறோம்! ஆயினும் அறிஞர் அண்ணாவும் அவர் தம்பியரும் அந்த நோயையே மருந்தாக்க முயன்றனர். எது சரி? திரை, கத்தி போன்றது. காய் நறுக்கும், கழுத்தும் அறுக்கும். கத்தியைத் தடைசெய்வது நம் வழியன்று. பிடியை யார் கையில் கொடுப்பது என்பதே கேள்வி.

எனவே மாயாஜாலப் படங்களைத் தடைசெய் என்று நாம் முழங்கவில்லை. இன்றைய ஆபத்து அந்தப் பழைய அட்டைக் குகையில் இல்லை. இன்று கணினியின் துணையால் தையல் தெரியாமல் பொய் தைக்கப்படுகிறது. கோடிகளைக் கொட்டி எடுக்கும் வாள் படங்களிலே கம்பி தெரிவதில்லை. கைப்பேசியிலே வந்து சேரும் 'கண் திறந்த சிலை'யிலும், 'நள்ளிரவில் நடமாடிய உருவ'த்திலும் கம்பி தெரிவதில்லை. அட்டைக் குகைக்காரன் 'இது கதை' என்று சொல்லிச் சீட்டு விற்றான். இவனோ 'இது உண்மை, பத்துப் பேருக்கு அனுப்பு' என்கிறான். இருவரில் யார் பெரிய புரட்டன்?

சட்டம் வேண்டும், அது ஒரு துணை. எல்லைக்கு அப்பால் கர்நாடகம், மனிதத்தன்மையற்ற தீய வழக்கங்களையும் சூனியத்தையும் ஒடுக்க 2017-இல் சட்டம் இயற்றியது. நரபலி அதிலே அடங்கும். வரவேற்கிறோம். ஆனால் சட்டம் எல்லைக்கல்லோடு நின்றுவிடும், கதை நிற்காது. கதையைத் துரத்தக் கல்விதான் போகவேண்டும். பெங்களூரின் எச்.நரசிம்மையா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976-இல், அற்புதங்களை ஆராயவென்றே குழு அமைத்தார். புகழ்பெற்ற சாமியாரையே ஆய்வுக்கு அழைத்தார், சாமியார் வரவில்லை! அந்தப் பெங்களூர் ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து நாம் துணியும் மென்பொருளும் மட்டுமா கற்கவேண்டும்?

ஓசூர், கிருஷ்ணகிரித் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகள் நம் மேடைகளுக்குப் புதியனவல்ல. அதே முறையிலே இந்தப் பழைய படங்களையும் கையாளுங்கள். தொழிலாளர் குடியிருப்பிலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். மாயாஜாலப் படமொன்றைப் போடுங்கள். எலுமிச்சம்பழம் பறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். 'எப்படிப் பறந்தது?' என்று கேளுங்கள். கூட்டத்திலே உள்ள எந்திரத் தொழிலாளி எவனேனும் எழுந்து விடை சொல்வான். அவனுக்குத் தெரியாத தந்திரமா! பின்னர் அவன் கைப்பேசியையே வாங்கி, நிறுத்தி நிறுத்திப் படமெடுத்து, அவன் நண்பனை ஆடாக்கிக் காட்டுங்கள். சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: 'இந்தப் பழம் பறந்தது கம்பியால். உன் வாயிலில் தொங்கும் பழம் எதைத் தடுக்கிறது?' மூன்று மொழியிலும் கேளுங்கள். மோகினி மூன்று மொழியிலும் வந்தாளே, பகுத்தறிவு மட்டும் ஒரு மொழியோடு நிற்பதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஊரின் ஆநிரையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரரின் கற்கள். கையிலே வாள் உண்டு, வில் உண்டு. அவன் சிலையிடம் வரம் கேட்டவனல்லன். தலையை வெட்டிப் புதையல் தேடியவனல்லன். ஊருக்காகத் தன் உயிரைக் கொடுத்தவன். நம் மண்ணின் உண்மையான வாள் கதை அந்தக் கல்லிலே இருக்கிறது. அதற்கு மந்திரவாதி தேவைப்படவில்லை. அவனைப் பற்றியும் ஒரு சிக்கனப் படம் எடுக்கலாம். குகை வேண்டா, ஜிகினா வேண்டா, துணிவு போதும்.

பாகலூர் சாலை அறைக்குத் திரும்புவோம். மூவரும் மீண்டும் படம் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டோம். வாய்விட்டுச் சிரிக்கட்டும். ஆனால், மந்திரவாதியைக் கண்டு சிரித்த சிரிப்பு மந்திரத்தின் மீதும் பாயவேண்டும். அன்று காலையிலே, இரும்பை அளந்த அந்தக் கைகளுள் ஒன்று வாயில்நிலையை நோக்கி உயரும், கயிற்றை அவிழ்க்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வெயிலுக்கு இதமாக மூவரும் பருகுவர். பழத்தின் பயன் அதுதான்!